ஹென்றியும் ஒற்றைச் சப்பாத்தும்: பொக்ஸ் ஹில் அடிவாரத்தில் இரண்டு இரவுகள்

வெள்ளி, பிற்பகல் 4.10. லண்டனின் தெற்கே மிச்சம் என்கிற பகுதியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். காரில் மூன்று பேர்: நான், என் மனைவி புவனா, ஹென்றி. ஹென்றி நாய். லாப்ரடோரும் வேறேதோ ஒன்றும் கலந்த கறுப்பு நாய். வயது ஆறு, எடை இருபத்தெட்டுக் கிலோ. பின் இருக்கை முழுவதும் அதற்குத்தான். புவனா முன்னால், மடியில் இடியப்பப் பெட்டியோடும் கையில் நீளமான இடுக்கியோடும் இருந்தாள்.

இடுக்கிக்குக் காரணம் இருக்கிறது. ஏழு வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் புவனாவை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். அந்த ஊசி வாங்கியவர்களுக்கு நாய்ப் பாசம் பற்றிப் பாடம் நடத்த யாருக்கும் உரிமையில்லை. ஹென்றி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், ஆகிறது. ஆறு கிழமையும் அதற்கு அவள் சாப்பாடு வைத்தது அந்த இடுக்கியால்தான். அதன் இடம் சமையல் செய்யும் குசினி; குசினிக் கதவைத் தாண்டி வீட்டுக்குள் வர ஹென்றிக்கு அனுமதியில்லை.

நான் லண்டனில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறவன். எங்கள் கராஜில் என்னோடு வேலை செய்யும் கொலின், குடும்பம் பிரிந்து ஒரு சின்ன பிளாட்டுக்குப் போனான். அந்த வீட்டுக்காரர் நாய்க்கு இடம் கொடுக்கவில்லை. "ஆறு கிழமை மட்டும் வைத்திரு ராஜன்" என்று ஹென்றியை என்னிடம் விட்டான். அந்தத் தவணை திங்கட்கிழமையோடு முடிகிறது. நாய்களுக்குப் புது வீடு தேடிக் கொடுக்கும் நிலையம் ஒன்றில் இடம் சொல்லி வைத்திருக்கிறான். திங்கள் காலை பத்து மணிக்குள் நாங்கள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

என் முடிவை என்னைக் கேட்காமலே எல்லோரும் அறிவார்கள். காலை ஷிப்டுக்கு மூன்றரை மணிக்கு எழும்பும்போது, இந்த உலகத்தில் என்னோடு கூட எழும்புகிற ஒரே சீவன் ஹென்றிதான். குசினிக் கதவடியில் நின்று நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் வீடு இரண்டு பேருடையது. புவனா ஒரு நிபந்தனை போட்டாள்.

"ரெண்டு இரவு ஒரே கூரைக்குக் கீழ இருந்து பாப்பம். எனக்கு ஏலுமெண்டா அது இருக்கட்டும். ஏலாட்டி நீங்கள் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியக் கூடாது."

ஒரே கூரை என்று அவள் சொன்னதுமே நான் கூடாரம் என்று முடிவெடுத்துவிட்டேன். வீட்டில் என்றால் கதவுகள் இருக்கும்.

போகாதவர்களுக்காக ஒரு விஷயம். லண்டனில் பூங்காவுக்குப் பஞ்சமில்லை. கூடாரம் அடிக்கத்தான் இடமில்லை. ரிச்மண்ட் பார்க்கில் ஒரு மூலையில் அடிக்கலாம் என்று நானும் எண்ணியிருந்தேன். கூடாது. நகரத்துப் பூங்காக்கள் உலாவி வருவதற்கு மட்டும்தான். இரவு தங்க வேண்டுமானால் நகரத்தின் விளிம்புக்குப் போக வேண்டும்: வடகிழக்கே எப்பிங் காட்டுப் பக்கம், அல்லது தெற்கே சரே மலைப் பக்கம். 'நாய் வரலாம்' என்று எழுதியிருக்கும் இடத்திலும் ஒரு கூடாரத்துக்கு ஒரு நாய்தான், பள்ளி விடுமுறையில் கிடையாது என்றெல்லாம் சட்டங்கள் இருக்கும். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. நான் மூன்று இடம் கேட்டு, நான்காவதாகப் பொக்ஸ் ஹில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையைப் பிடித்தேன்.

மாலை 5.25. ஏ217 நெடுஞ்சாலையில் சட்டன், பான்ஸ்டட், டாட்வர்த் தாண்டி வந்து சேர்ந்தோம். மொத்தம் பதினான்கரை மைல். வெள்ளிக்கிழமை என்பதால் ஒன்றே கால் மணித்தியாலம் எடுத்தது. அதில் பாதி சட்டனுக்குள். வேறு யாராவது ஓட்டியிருந்தால் இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும் என்பதையும் அடக்கத்தோடு சொல்லி வைக்கிறேன்.

பண்ணைக்காரி ஜில், முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட்ட ஐம்பது வயதுப் பெண். கூடாரத்துக்கு ஒரு இரவுக்கு இருபத்தெட்டுப் பவுண், நாய்க்கு மூன்று பவுண். நாயின் கழுத்துப் பட்டியில் மாட்டுகிற வாருக்கு இங்கே லீட் என்று பெயர். அந்த லீட் எந்த நேரமும் ஒரு மனிதர் கையில் இருக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் குட்டிகளோடு நின்றன. நாய் கழித்ததைப் பொறுக்கிப் பையில் கட்டி, வாசலில் இருக்கும் சிவப்பு வாளியில் போட வேண்டும். அந்த வேலை எனக்கு இப்போது பழகிவிட்டது. என் தம்பிமார் யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

கூடாரம் எண்பத்தொன்பது பவுண். 'நாலு பேருக்கு' என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் படுக்கச் சம்மதித்தால் சரி. கையேட்டைப் படிக்காமலே அடித்துவிடலாம் என்று தொடங்கினேன். நாற்பது நிமிடம் கழித்துப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார்.

"அண்ணா, அந்தக் கம்பிய இந்தப் பக்கமா சொருகணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் கார்த்திக், ஊர் கோயம்புத்தூர். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் வீடு, நகரத்தில் வங்கி ஒன்றில் கணினி வேலை. அவரும் மனைவியும் போண்டா என்கிற பழுப்பு நிற ஸ்பானியல் நாயோடு வந்திருந்தார்கள். கார்த்திக் கை வைத்த பிறகு பத்து நிமிடத்தில் கூடாரம் நிமிர்ந்தது. அடித்தளம் நான் போட்டதுதான்.

உள்ளே பாய் விரித்தாயிற்று. இரண்டு பேரும் குனிந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி, கூடாரத்துக்கு வெளியே வாசலின் இடது பக்கம் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். துணியாலானாலும் வீடு வீடுதானே.

இரவுச் சாப்பாடு இடியப்பமும் சம்பலும். ஹென்றிக்கு வெறும் இடியப்பம் இரண்டு, இடுக்கியால். படுக்கும்போது ஒழுங்கு இப்படி: கதவுப் பக்கம் ஹென்றி, நடுவில் நான், அந்தத் தொங்கலில், துணிச்சுவரோடு, புவனா. ஹென்றியின் லீட்டை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். எட்டு மாதக் கர்ப்பிணி பஸ்ஸில் ஏறினாற்கூட நான் அவ்வளவு கவனமாகப் பிறேக் போட்டதில்லை. அவ்வளவு மெதுவாகத் திரும்பிப் படுத்தேன்.

சனி, காலை 5.40. வெளிச்சம் வந்துவிட்டது. புவனா முகம் கழுவப் போகிறேன் என்று கூடாரக் கதவின் ஸிப்பைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ. என்ர சப்பாத்து ஒண்டைக் காணேல்லை."

எட்டிப் பார்த்தேன். என் இரண்டும் பனியில் நனைந்தபடி இருந்தன. அவளுடைய இடது கால் சப்பாத்து இருந்தது. வலதைக் காணவில்லை.

"உங்கட நாய்தான்."

"அது இரவு முழுக்க என்ர கையில கட்டிக் கிடந்தது புவனா. இப்பதானே நீர் ஸிப்பைத் திறந்தனீர்."

"அப்ப நானே திண்டனான்?"

அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் திங்கட்கிழமை தெரிந்தது. ஒரு சப்பாத்தால் ஒரு நாயின் தலைவிதி எழுதப்படப் போகிறது. ஹென்றி தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கிய மாதிரி, தலையை முன்கால்களில் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டியது.

எங்கள் சத்தத்துக்குக் கார்த்திக் எழும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"வெளியவா விட்டீங்க? நரி தூக்கிட்டுப் போயிருக்கும் அக்கா. இங்க நரிங்களுக்குச் செருப்புன்னா உசுரு. போன வருஷம் நாங்களும் இதே மாதிரி வெளிய விட்டு ரெண்டு ஜோடி போச்சு. வெள்ளைக்காரங்க எல்லாரும் உள்ள வெச்சுக்குவாங்க. நம்ம ஆளுங்கதான் டென்ட்டுக்கும் வாசல் வெச்சு வெளிய கழட்டுவோம்."

ஜில்லிடம் போனோம். அவளுக்கு இது புதினமில்லை. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் காட்டினாள். அதற்குள் இருபது முப்பது ஒற்றைச் சப்பாத்துகள், செடிப் பற்றைகளுக்குள் கண்டெடுத்தவை. குழந்தைச் சப்பாத்து, ஓட்டச் சப்பாத்து, வெள்ளிப் பூட்டுப் போட்ட செருப்பு ஒன்று. அந்தச் செருப்போடு இங்கே யார் வந்தார்கள் என்று புவனா யோசித்துக்கொண்டு நின்றாள். அவளுடையது அதில் இல்லை.

கலியாண வீட்டுக்கு நாலு சோடி கொண்டு போகிறவள் காட்டுக்கு ஒரே சோடிதான் கொண்டு வந்திருந்தாள். என்னிடம் ஒன்பதாம் இலக்க நீலச் சிலிப்பர் ஒரு சோடி இருந்தது, குளிக்கப் போக. அதை மாட்டிக்கொண்டாள். கால் பாதியும் சிலிப்பர் பாதியுமாக நடந்து பார்த்தாள். கடை திறக்க ஒன்பது மணியாகும் என்றேன். "வெயில் ஏற முன்னம் மலைக்குப் போவம்" என்றாள். திரும்பி வரும்போது ஹென்றியைப் பார்த்து, எனக்குக் கேட்கக் கூடாது என்கிற குரலில், "சரி, நீ எடுக்கேல்லை" என்றாள்.

காலை 8.15. காரில் மலையின் மேற்குப் பக்கம் சுற்றி வந்து அடிவாரத்தில் நிறுத்தினோம். இங்கே மோல் என்று ஒரு ஆறு ஓடுகிறது. ஆற்றுக்குக் குறுக்கே பதினேழு கற்கள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அறுகோண வடிவம், ஒருவர் நின்று மூச்சு விடும் அளவு. அந்தக் கற்களில் தாவிப் போனால் அக்கரையில் மலைப்பாதை தொடங்கும். கற்களில் ஏற முடியாதவர்களுக்குச் சற்றுத் தள்ளி மரப்பாலம் ஒன்று இருக்கிறது. இதை எழுதிய பலகையை நான் பார்த்தேன். பாலம் எங்களுக்குத் தேவைப்படாது என்று கடந்து வந்தேன்.

ஹென்றி முதல் கல்லை மணந்து பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. பிறகு கரையில் சப்பணம் கட்டினாற்போல் குந்திவிட்டது. கூப்பிட்டேன், இழுத்தேன், பிஸ்கட் காட்டினேன். இருபத்தெட்டுக் கிலோவும் அசையவில்லை. தண்ணீர் என்றால் பாய்ந்து விழுகிற இனத்தில் இப்படி ஒரு விதிவிலக்கு என் பங்குக்கு வந்திருந்தது.

எனக்கு ஒரு யோசனை. நான் கடந்து காட்டினால் பின்னால் வரும். "ஒரு நிமிசம் இதைப் பிடியும்" என்று லீட்டைப் புவனாவின் கையில் கொடுத்துவிட்டுக் கல்லில் கால் வைத்தேன். இருபத்தாறு வருடம் டபுள் டெக்கர் திருப்பிய உடம்பு. பதினேழு கல்லும் பதினேழு எட்டில் முடிந்தது. அக்கரையில் நின்று பெருமையோடு திரும்பினேன். அப்போதுதான் நான் செய்தது என்னவென்று தெரிந்தது. ஆறு கிழமையில் புவனா ஒரு நாள்கூட அந்த லீட்டைத் தொட்டதில்லை.

திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் மலையிலிருந்து நடைக்குழு ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. முதுகுப் பைகளோடு முப்பது பேர் இருக்கும். ஒவ்வொருவராகக் கல்லில் ஏறிவிட்டார்கள். ஒரே வரிசை, எதிரே போக வழியில்லை. நான் இந்தக் கரையில். புவனா அந்தக் கரையில், பெரிய நீலச் சிலிப்பரோடு, கையை உடம்பிலிருந்து எட்ட நீட்டி, லீட்டைப் பாம்பைப் பிடித்தமாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடைக்குழு அவளருகே கரையேற ஏற, ஹென்றிக்குப் பதற்றம் வந்தது. அது ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. புவனாவின் கால்களுக்குப் பின்னால் போய், அவள் முழங்காலில் தன் உடம்பை அழுத்திக்கொண்டு ஒளிந்தது. அவள் உறைந்து போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. லீட்டை விடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் நூறு மீற்றர் தள்ளி ஏ24 நெடுஞ்சாலை. கார்கள் அம்பாகப் பறக்கும். "விடாதையும் புவனா" என்று கத்த வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். முப்பது பேரின் தலைகளுக்கு மேலால் குரல் வந்தது.

"நாங்கள் பாலத்தால வாறம். நீங்கள் அதிலயே நில்லுங்கோ."

நாயும் அவளும் கரையோரமாகத் திரும்பி நடந்து மரங்களுக்குள் மறைந்தார்கள்.

நான் நின்றேன். ஐந்து நிமிடத்தில் வர வேண்டிய பாதை. பத்து நிமிடம் ஆயிற்று. நடைக்குழு முழுவதும் போய்ச் சேர்ந்தது. பதினைந்து. பாலத்துப் பக்கம் போனால் அவர்கள் வேறு வழியால் வந்து என்னைத் தேடுவார்களோ என்று நின்ற இடத்திலேயே நின்றேன். போனை எடுத்தேன், அவளுடையது காருக்குள். கராஜில் யாரைக் கேட்டாலும் ராஜன் பதறமாட்டான் என்பார்கள். அந்த இருபத்தைந்து நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது. நாயை நினைத்துப் பாதி, அவளை நினைத்துப் பாதி. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

காலை 9.05. வந்தார்கள். ஹென்றி முன்னால், புவனா பின்னால். லீட் அவள் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. சிலிப்பர் இரண்டும் மற்றக் கையில். வெறும் காலோடு, சேறு கணுக்கால் வரை.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"பாலத்தில ஏற மாட்டன் எண்டு நிண்டிட்டான். பலகை இடுக்கால தண்ணி தெரியுது, அதுதான் பயம்."

"பிறகு?"

"நானும் இருந்திட்டன். பாலத்தில ஒராள் வரேல்லை, ஆருக்கும் இடைஞ்சல் இல்லை. எனக்கும் பயந்தான் மோனை, மெல்ல மெல்லப் போவம், அவசரமில்லை எண்டு அவனிட்டைச் சொன்னன். சிலிப்பர் வழுக்குது எண்டு கழட்டினன். அதுக்குப் பிறகு எழும்பி வந்திட்டான்."

"தமிழிலயோ சொன்னனீர்?"

"பின்ன என்ன, அவனுக்கு நான் இங்கிலீசிலயே கதைக்கிறது?"

லீட்டை வாங்கக் கையை நீட்டினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. மலை உச்சிக்கு வெறும் காலோடுதான் ஏறினாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் நல்லூர்க் கோயில் திருவிழாவில் வெறும் காலோடு நடக்கிறவள் போல நேரே பார்த்து நடந்தாள். உச்சியில் நிற்கத் தெற்கே வயல்கள் நீலமாகும்வரை தெரிந்தன. தேத்தண்ணி மூன்று பவுண் இருபது. நாய்க்குத் தண்ணீர் இலவசம்.

சனி இரவு மழை பெய்தது. படுக்கும் ஒழுங்கு மாறவில்லை. ஆனால் விடியும்போது ஹென்றி என்னைக் கடந்து நடுவில் கிடந்தது. சப்பாத்துகள் உள்ளே, தலைமாட்டில் இருந்தன.

ஞாயிறு, காலை 10.30. கூடாரத்தைச் சுருட்டினோம். கார்த்திக் உதவிக்கு வந்தார். இந்த முறை நான் கம்பியைச் சரியாகக் கழற்றியதை அவர் பார்த்தார் என்பதை உறுதிசெய்துகொண்டேன். புறப்படும்போது புவனா தன் இடது கால் சப்பாத்தைக் கொண்டுபோய் ஜில்லின் மரப்பெட்டியில் போட்டாள். "சோடியைக் கண்டுபிடிச்சா அதுக்கும் ஒரு துணை இருக்கட்டும்" என்றாள். சட்டனில் நிறுத்திப் புதுச் சப்பாத்து வாங்கினோம், முப்பத்திரண்டு பவுண். இடுக்கி கூடாரப் பையில் இல்லை என்பதை மிச்சம் வீட்டில் சாமான் இறக்கும்போது கண்டேன். புற்களுக்குள் எங்கோ விட்டுவிட்டோம். அவள் அதைத் தேடவில்லை.

வீட்டு வாசலில் வழக்கம்போல இருவரும் சப்பாத்தைக் கழற்றினோம். முன்கதவால் நாயோடு உள்ளே போக அனுமதியில்லை; பக்கத்து ஒழுங்கையால் பின்பக்கம் போய்க் குசினிக்குள் விட வேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். புவனா பழைய துவாய் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் குந்தினாள்.

"அவனை இஞ்ச விடுங்கோ. காலைத் துடைக்கோணும்."

நாலு காலையும் துடைத்தாள். ஹென்றி எங்களோடு முன்கதவால் உள்ளே வந்தது. கூடாரப் பையை அடுக்குகிறேன் என்று மாடிக்குப் போய்விட்டேன்.

ஆனாலும் அவள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நிபந்தனை அவளுடையது, நானாகக் கேட்பதில்லை என்று இருந்தேன்.

திங்கள், காலை 9.20. எனக்குப் பின்னேர ஷிப்ட். கொலினிடமிருந்து செய்தி வந்திருந்தது: என்ன முடிவு? போனோடு முன்னறைக்குப் போனேன். புவனா அதை வாங்கி, கொலினுக்கு இரண்டே வார்த்தையில் பதில் போட்டாள். ஹென்றி ஸ்டேயிங்: ஹென்றி இங்கேதான் இருக்கும். பிறகு தன் போனை எடுத்து, நாயின் தோலுக்குள் இருக்கும் மைக்ரோசிப்பைப் பதிவு செய்யும் நிலையத்துக்கு அழைத்தாள். மைக்ரோசிப் இலக்கத்தை ஹென்றியின் தடுப்பூசி அட்டையிலிருந்து எப்போது எழுதி எடுத்தாளோ தெரியாது.

இதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். காஸ் கொம்பனி, கவுன்சில், டாக்குத்தர் என்று எங்கே போன் பண்ணினாலும் புவனா ஒரு நிமிடத்தில் எனக்குத் தந்துவிடுவாள். "பேரைக் கேக்கினம், நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு ஏலாது." அவளுடைய முழுப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை முப்பது வருடத்தில் அவளுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லாக் காகிதமும் என் பெயரில்தான்.

நாயின் பொறுப்பாளர் யார் என்று மறுமுனையில் கேட்டது எனக்கும் கேட்டது. நான் கையை நீட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

"மீ," என்றாள். "புவனேஸ்வரி. ஐ வில் ஸ்பெல். பி ஃபோர் பீட்டர். யூ ஃபோர் அம்பிரெல்லா."

மறுமுனை எங்கோ பிழை விட்டது. அவள் எரிச்சல்படாமல் முதலிலிருந்து தொடங்கினாள். பதினோரு எழுத்தும் முடியும்வரை ஹென்றி குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம், முன்னறையில், அவளுடைய காலடியில் கிடந்தது.